கடன் முற்றினால் எந்தச் சட்டத்தரணியிடம் போவது? வன்னியில் உள்ள வழிகள் பற்றிய மதிப்பீடு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எந்த நீதிமன்றத்தின் முன்னால் நின்று பார்த்தாலும் பெயர்ப்பலகைகளில் இருப்பது "சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு" என்பதுதான். வங்குரோத்து வழக்கு மட்டும் பார்ப்பவர் என்று ஒருவரைத் தேடி அலைவதில் பயனில்லை. அப்படி ஒருவர் கிடைத்தாலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு வேண்டியது அவரல்ல.

சட்டம் இல்லாமலில்லை. 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. கடனாளி தானே மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். சொத்துகள் ஒரு பொறுப்பாளரின் கைக்குப் போகும். நட்டம் எப்படி வந்தது, கடனாளி எப்படி நடந்துகொண்டார் என்று பார்த்து மூன்று தரங்களில் ஒன்றில் சான்றிதழ் கிடைக்கும். கடன் கொடுத்த பலருக்குப் பிணையில்லாக் கடன் வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்கு இது பொருந்தக்கூடும். ஆனால் ஈடு வைத்த காணியையோ லீசிங்கில் எடுத்த வாகனத்தையோ இந்த மனு காப்பாற்றாது. இரண்டு மூன்று நுண்கடன், ஒரு லீசிங் உழவு இயந்திரம், அடகில் நகை, ஊரில் ஒருவரிடம் வட்டிக்காசு என்று நிற்கும் வீட்டுக்கு இதனால் கிடைப்பது மிகச் சொற்பம். ஆகவே முதல் சந்திப்பிலேயே "வங்குரோத்து மனு ஒன்று போட்டுவிடுவம்" என்று சொல்பவரை நம்பிக் காசு கட்ட வேண்டாம். "எந்தெந்தக் கடன், எந்தத் திகதி, எதில் கையொப்பம் வைத்தனீங்கள்" என்று ஒவ்வொன்றாகக் கேட்பவரே உங்களுக்கு வேண்டிய சட்டத்தரணி. கடனின் வகைக்கு ஏற்ப வழி மாறும் என்பதை அவர் அறிந்திருக்கிறார் என்பதற்கு அதுவே அடையாளம்.

போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

வெறுங்கையோடு போனால் நல்ல சட்டத்தரணியாலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு முழுத்தாளில் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: கொடுத்தவர், எடுத்த திகதி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை, உண்மையில் கையில் வந்த தொகை, இதுவரை கட்டியது, கடைசியாகக் கட்டிய திகதி, பிணையாளிகள், ஈடாகக் கொடுத்தது. கடைசியாகக் கட்டிய திகதி மிக முக்கியம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

கடன் ஒப்பந்தத்தின் பிரதி இல்லையென்றால் கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வந்த கடிதங்களை உறையோடு வையுங்கள். தபால் முத்திரையின் திகதி பின்னர் சாட்சியாகும். கடன் தகவல் பணியகத்தில் உங்கள் சொந்த அறிக்கையை எடுக்கலாம். மறந்துபோன பிணைக் கையொப்பங்கள் சில அதில் வெளிவரும். எல்லா நுண்கடனும் அதில் இருக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

கிழமைக் கட்டு அட்டையைக் கவனமாகப் பாருங்கள். திகதிக் கட்டத்தில் சுருக்கொப்பம் மட்டும் இருக்கும், தொகை எழுதப்பட்டிராது. அல்லது இரண்டு கிழமைக் கட்டை ஒரே நாளில் கொடுத்ததற்கு ஒரு சுருக்கொப்பம்தான் இருக்கும். அட்டையின் இரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்த பிறகே எவரிடமும் கொடுங்கள். "புது அட்டை தாறம், பழசைத் தாங்கோ" என்று கேட்டால் கொடுக்க வேண்டாம்.

எழுதிய தொகைக்கும் கையில் வந்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. 50,000 ரூபா, 52 கிழமை, 24 சதவீத வட்டி, வட்டி முழுத் தொகைக்கும் போடப்படுகிறது. மொத்தம் 62,000. கிழமைக்கு ஏறத்தாழ 1,192. ஒவ்வொரு கிழமையும் முதல் குறைந்துகொண்டு வரும்போதும் வட்டி குறையாததால், உண்மை வட்டி ஆண்டுக்கு 44 சதவீதம் அளவில் வரும். ஆவணச் செலவு, காப்புறுதி என்று 2,500 ஐக் கழித்து 47,500 ஐக் கையில் தந்திருந்தால் அது 55 சதவீதத்தைத் தொடும். 2018 இல் நுண்கடனுக்கு 35 சதவீத உச்ச வரம்பு வந்தது. உங்கள் கடன் எடுத்த திகதி, கொடுத்த நிறுவனம் எந்த ஒழுங்குவிதிக்குள் வருகிறது என்ற இரண்டையும் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தெரிந்த சட்டத்தரணி அரிய ஆள்.

சட்ட உதவி ஆணைக்குழு

வசதி குறைந்தவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இது. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த அரச நிறுவனம். வன்னியில் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னாரில் நிலையங்கள் உண்டு. வழக்கில் தோன்றுவதற்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். கிராம அலுவலரிடம் வருமானம் பற்றிய கடிதத்தை எடுத்து, அடையாள அட்டைப் பிரதி, மேலே சொன்ன தாள், வந்த கடிதங்கள் எல்லாவற்றோடும் போங்கள்.

நுண்கடன் எடுத்த பெண்களுக்கும், ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் குழுக்கடனின் பிணையாளிகளுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். நீதிமன்றக் கடதாசி எதுவாயினும் அது என்ன, எந்த நாளுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் விளங்கப்படுத்துவார்கள். காலையில் நீதிமன்றம் கூடியிருக்கும் நேரத்தில் சட்டத்தரணிமார் உள்ளே நிற்பார்கள் என்பதை நினைவில் வைத்து நேரத்தை முன்கூட்டியே கேட்டுப் போவது நல்லது. துணுக்காயிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ வருபவருக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் சின்ன விஷயமல்ல. அழைப்பாணையில் உள்ள திகதி நெருங்கிவிட்டால் மட்டும், வரிசையில் காத்திருக்காமல் அந்தத் திகதியை முதலில் சொல்லிவிடுங்கள்.

தனியார் சட்டத்தரணி: எதைக் கேட்பது

சிறு நகரங்களில் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி: "இந்தக் கொம்பனிக்கோ இந்த வங்கிக்கோ நீங்கள் வழக்குப் போடுறனீங்களா?" நாலு நிதி நிறுவனங்களுக்கும் வழக்குத் தாக்கல் செய்பவர்கள் ஒரே ஊரின் ஒரு சில பேர்தான். இது குற்றமல்ல, தொழில். ஆனால் உங்கள் எதிர்த்தரப்புக்குத் தோன்றுபவர் உங்களுக்குத் தோன்றக் கூடாது. ஈட்டுறுதியை எழுதிய நொத்தாரிசும் அப்படியே. அந்த உறுதியைப் பற்றிக் கேள்வி வரும்போது அவர் சாட்சியாக வேண்டியவர். நேரே கேட்டால் நேர்மையானவர்கள் நேரே சொல்வார்கள், வேறு ஒருவரையும் காட்டுவார்கள்.

இரண்டாவது கேள்வி கொழும்பு பற்றியது. வன்னியில் எடுத்த லீசிங்குக்கும் கடனுக்கும் கொழும்பில் வழக்கு வருவது வழமை. பணம் செலுத்தும் இடம் தலைமை அலுவலகம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அங்கே நடவடிக்கை தமிழில் இராது. கிளிநொச்சியில் இருக்கும் சட்டத்தரணிக்குக் கொழும்பில் தோன்றக்கூடிய ஒருவர் தொடர்பில் இருக்கிறாரா, அவருக்கான செலவு தனியா என்று கேளுங்கள். "அங்க போகத் தேவையில்லை, பேசாமல் விடுங்கோ" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் இவ்வளவு என்று எடுப்பவரும் உண்டு, முழு வழக்குக்கும் பேசி எடுப்பவரும் உண்டு. கடன் வழக்குக்கு முழுத் தொகையைப் பேசி, எந்தக் கட்டம்வரை அது செல்லும் என்பதை எழுதி வாங்குவதே பாதுகாப்பு. தவணைக் கணக்கில் போனால் வழக்குத் தள்ளிப்போகும் ஒவ்வொரு தடவையும் காசு போகும். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள். உங்களுக்காகத் தோன்றச் சட்டத்தரணிக்கு அதிகாரம் கொடுத்து நீங்கள் ஒப்பமிடும் புரொக்சியில் வழக்கு இலக்கமும் எதிர்த்தரப்பின் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறும் தாளில் ஒப்பம் வைப்பதைச் சட்டத்தரணியிடமும் செய்ய வேண்டாம்.

இனி, ஒருவரின் திறமையை அளக்க நல்ல கேள்வி ஒன்று: "1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தில வழக்கு வந்தால் என்ன செய்வியள்?" வன்னியில் ஆக்கள் காணியையும் வாகனத்தையும் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண கடன் வழக்கில் அழைப்பாணை வரும், பிரதிவாதி போய் மறுமொழி போடலாம், விசாரணை நடக்கும். இந்தச் சட்டத்தின் கீழ் வங்கியோ நிதி நிறுவனமோ வந்தால் ஒழுங்கு தலைகீழ். நிறுவனம் சத்தியக் கடதாசியோடும் (சத்தியம் செய்து ஒப்பமிட்ட எழுத்து வாக்குமூலம்) ஆவணங்களோடும் போன உடனேயே நீதிமன்றம் ஒரு தற்காலிகத் தீர்ப்பாணையைத் தரும். நீதிமன்ற வாயில் அதை "டிக்கிரி நைசை" என்பார்கள். உங்கள் வீட்டுக்கு வருவதே அந்தத் தீர்ப்பாணைதான். குறித்த நாளில் நீங்கள் தோன்றாவிட்டால் அது நிரந்தரமாகிவிடும். தோன்றினாலும் "எனக்குக் கஷ்டம், கால அவகாசம் தாங்கோ" என்று வாயால் சொல்வது எடுபடாது. எதிர்வாதம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைப்பதற்குக் காசைக் கட்ட வேண்டும், அல்லது பிணை வைக்க வேண்டும், அல்லது விசாரிக்கத் தக்க பிரச்சினை உண்டு என்று சத்தியக் கடதாசியால் காட்ட வேண்டும். மூன்றாவதுதான் ஏழையின் வழி. கட்டிய தவணைகள் கணக்கில் வரவில்லை, ஒப்பம் என்னுடையதல்ல, வட்டி ஒப்பந்தத்தைவிடக் கூட, பிடித்த வாகனம் விற்ற காசு கழிக்கப்படவில்லை என்று குறிப்பாகவும் ஆதாரத்தோடும் எழுதினால்தான் அது நிற்கும். முன்னர் சொன்ன கட்டு அட்டையின் படங்கள் கை கொடுப்பது இங்கேதான். இந்த வேறுபாட்டைக் கேட்டவுடன் விளக்கத் தெரியாதவரிடம் நிதி நிறுவன வழக்கைக் கொடுக்க வேண்டாம்.

அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. கணக்கில் காசில்லாமல் திரும்பிய காசோலை குற்றமாகலாம். மற்றபடி கடன் கட்டாதது குடியியல் விஷயம், பொலிசார் தவணை வசூலிக்க முடியாது. ஆனால் செக் கொடுத்திருந்தால் கதை வேறு. அதை முதல் சந்திப்பிலேயே சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள்.

லீசிங் வாகனம் பிடிக்க வந்தால்

2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் நிறுவனத்துக்கு வாகனத்தைத் திரும்ப எடுக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் முன் அறிவித்தலும் தவறைத் திருத்த வாய்ப்பும் வேண்டும். வீதியில் மறித்துச் சாவியைப் பறிப்பது அந்த உரிமைக்குள் வராது. மிகவும் கெடுதல் செய்வது அந்த நேரத்தில் நீட்டப்படும் ஒரு தாள்: "வாகனத்தை எனது விருப்பத்தின்படி ஒப்படைக்கிறேன்." அதில் ஒப்பம் வைத்தால் பின்னர் சட்டத்தரணிக்கு வாதாட எதுவும் மிஞ்சாது. ஒப்பமிடாமல், வந்தவர்களின் பெயர், நிறுவனத்தின் கடிதம், வாகனத்தின் நிலை, மீற்றர் இலக்கம், உள்ளே இருந்த சாமான் எல்லாவற்றையும் குறித்துப் படமும் எடுத்து, அன்றே பொலிசில் முறைப்பாடு போடுங்கள். விற்றபின் மிச்சம் கேட்டு வழக்கு வரும்போது என்ன விலைக்கு விற்றார்கள், மதிப்பீடு யார் செய்தார் என்று கேட்க இந்தக் குறிப்புகள் வேண்டும். அறுவடைக்கு முன் உழவு இயந்திரம் பறிபோனால் காலபோகம் முழுதும் போச்சு. ஆகவே ஒரு தவணை பிந்தும்போதே எழுத்தில் மறுசீரமைப்புக் கேட்பது நல்லது.

மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தின் 1935 தொலைபேசி இலக்கம் இத்தகைய இடங்களுக்குப் பயன்படும். வட்டி வரம்பு மீறல், அறவிட வருபவரின் தொல்லை, கணக்குக் கூற்றுத் தராமை போன்றவற்றுக்கு அதை நல்ல சேவை என்று சொல்லலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுத்து முறைப்பாடு கொடுத்துவிட்டு அதன் பிரதியோடு போக வேண்டும். வழக்குத் திகதியை அது நிறுத்தாது. அதை நம்பி நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. இரவில் வீட்டு வாசலில் நின்று கத்துவதும் மிரட்டுவதும் பொலிசுக்கு உரிய விஷயம்.

ஊர் வட்டிக்காரர், காணி, அடையாள அட்டை

வட்டிக்காரரிடம் மாட்டியவருக்குச் சட்டம் கொஞ்சம் இரக்கமாகவே இருக்கிறது. ஆனால் அது தெரியாமலே ஆக்கள் காணியை விட்டுக்கொடுக்கிறார்கள். 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கப் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின்படி, புறோநோட்டில் (கடனைத் திருப்பித் தருவேன் என்று ஒப்பமிடும் வாக்குறுதிச் சீட்டு) உண்மையில் கொடுத்த முதல், முன்கூட்டிக் கழித்த வட்டி, வட்டி வீதம் எல்லாம் வேறுவேறாக எழுதப்பட வேண்டும். தொகை எழுதாத வெற்று நோட்டில் ஒப்பம் வாங்குவது குற்றம். தனியாள் கொடுத்த கடனில் வட்டி மொத்தம் முதலைத் தாண்டி அறவிட முடியாது என்ற பழைய விதியும் 1852 ஆம் ஆண்டுக் குடியியல் சட்டக் கட்டளையில் இருக்கிறது. வங்கி, நிதி நிறுவனங்களுக்கு அது அப்படியே பொருந்தாது.

பேமிற் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, வைத்திருப்பவர்கள் கவனிக்க. பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் அதை ஈடு வைக்கவோ கைமாற்றவோ முடியாது. பேமிற் கடதாசியை வட்டிக்காரரின் கையில் கொடுத்ததால் காணி அவருடையதாகிவிடாது. வெள்ளைத்தாளில் "காணியை விட்டுக்கொடுத்தேன்" என்று எழுதி ஒப்பம் வைத்திருந்தாலும் பதற வேண்டாம். பிரதேச செயலகக் காணிக் கிளையில் விஷயத்தைப் பதிந்துவிட்டுச் சட்டத்தரணியிடம் போங்கள்.

சொந்த உறுதி உள்ள காணி என்றால் அவசரம் அதிகம். கடனுக்காக "நிபந்தனை அறுதி" (குறித்த காலத்துக்குள் காசைக் கட்டினால் காணியை மீட்கலாம் என்ற நிபந்தனையோடு விற்றுக் கொடுத்தல்) எழுதியவர்கள் மீட்புக் காலம் முடியுமுன் கொழும்பிலுள்ள கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது இயங்குகிறது. காலம் முடிந்த பின் கதவு மூடிவிடும். நிபந்தனையே இல்லாமல் முழு அறுதி எழுதிக் கொடுத்திருந்தாலும், அது உண்மையில் கடனுக்கான ஈடுதான் என்று காட்ட 1917 ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவில் வழி உண்டு. காணி இன்னும் உங்கள் கையில்தான், வரி நீங்கள்தான் கட்டுகிறீர்கள், எழுதிய விலை சந்தை விலையைவிட மிகக் குறைவு, மாதா மாதம் வட்டி கட்டினீர்கள் என்பவையே அங்கே சான்று. இந்தப் பிரிவில் வழக்காடிய அனுபவம் உள்ளவர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உண்டு. காணி வழக்குப் பார்ப்பவர்களிடம் கேட்டால் தெரியும்.

வட்டிக்காரர் உங்கள் வங்கி அட்டையையோ அடையாள அட்டையையோ பிடித்து வைத்திருந்தால் வங்கி அட்டையை உடனே நிறுத்தி வேறொன்று எடுங்கள். அடையாள அட்டைக்குப் பொலிசில் முறைப்பாடு.

தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபை பற்றி ஒரு சொல். சிறு தொகைத் தகராறு பல அங்கேதான் முதலில் போக வேண்டும். அயலவரிடம் கைமாற்று வாங்கியதற்கு மிக நல்லது, செலவில்லை. நிறுவனத்தோடு அங்கே தவணை ஒப்புக்கொள்ளும்போது மட்டும், கட்டக்கூடிய தொகையை மட்டுமே சொல்லுங்கள். ஒப்பமிட்ட இணக்கம் மீறப்பட்டால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

கடைசியாகக் கட்டிய திகதி ஏன் முக்கியம் என்றால், எழுத்து ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட ஆறு ஆண்டு, வாய்ப்பேச்சுக் கடனுக்கு மூன்று ஆண்டு என்று 1871 ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம் எல்லை போடுகிறது. பழைய கடனுக்கு ஒருவர் வந்து "ஒரு ஆயிரம் கட்டினால் போதும்", "நிலுவை உண்டு என்று இதில ஒப்பம் வையுங்கோ" என்றால், அந்த ஆயிரமும் ஒப்பமும் கடிகாரத்தை மீண்டும் முதலிலிருந்து ஓடவிடும். சட்டத்தரணியிடம் காட்டுமுன் இரண்டையும் செய்ய வேண்டாம். "உங்கட எல்லாக் கடனையும் ஒன்றாக்கித் தீர்த்துத் தாறம், முன்பணம் கட்டுங்கோ" என்று வரும் தரகர்களுக்கும் இதே பதில்.

பிணையாளிகள் தனியாக ஒருவரைப் பார்ப்பது நல்லது. கடனாளிக்கும் பிணையாளிக்கும் ஒரே சட்டத்தரணி என்றால் இருவரின் நலனும் எங்கோ ஓரிடத்தில் மோதும். முதலில் கடனாளியின் சொத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமை பிணையாளிக்குச் சட்டத்தில் உண்டு. அச்சடித்த ஒப்பந்தங்களில் அந்த உரிமையைக் கைவிடும் வரி பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். குழுக்கடனில் ஐந்து பேருக்கும் வெவ்வேறாகக் கடதாசி வந்தால், ஒருவர் போய்ப் பேசினார் என்பது மற்ற நால்வருக்கும் தோன்றியதாகாது. ஒவ்வொருவரும் குறித்த நாளில் தனித்தனியே தோன்ற வேண்டும், தனித்தனியே சத்தியக் கடதாசி போட வேண்டும். பிணையாளி கட்டிய தொகையைக் கடனாளியிடமிருந்து அறவிடும் உரிமை அவருக்கு உண்டு என்பதால், கட்டும் ஒவ்வொரு ரூபாவுக்கும் தன் பெயரிலேயே பற்றுச்சீட்டு வாங்க வேண்டும்.